பொக்லைனின் கையும் நம் கையும்

இந்தப் பாடத்தைப் பற்றி எழுதும் முன், வகுப்பறையில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஐந்தாறு பேரை எழுப்பி நிறுத்தி, "இப்படியே இருந்தா நாளைக்கு ஜேசிபி ஓட்டத்தான் போகணும்" என்றேன். வகுப்பு சிரித்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பா மண் அள்ளும் இயந்திரத்தின் ஆபரேட்டர் என்பது எனக்கு அப்போது தெரியாது. சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் 'கூலி' என்றுதான் இருந்தது.

அதே ஆண்டு ஆடி மாதம், எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கண்மாயைத் தூர்வார ஒரு பெரிய இயந்திரம் வந்து இறங்கியது. இடைவேளை மணி அடித்தால் போதும், பாதிப் பள்ளி கண்மாய்க்கரையில் நிற்கும். ஒருநாள் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு நானும் கரையேறினேன். இயந்திரத்தின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று அந்த வழியாக நடந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "டீச்சர், அங்கிட்டு போகாதீங்க. வாலு அடிச்சிரும்." அந்த மூன்றாம் பெஞ்சு மாணவன்தான்.

"வாலா? இதற்கு ஏதுடா வால்?" என்றேன். அவன் சொன்னான்: "பின்னாடி கட்டியா இரும்பு இருக்குல்ல டீச்சர். அவர் மண்ணைக் கொட்ட முன்பக்கம் திரும்புனா, அது இந்தப் பக்கம் சுத்தி வரும். அவருக்கு நீங்க நிக்கிறது தெரியாது."

ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. எதிர் எடை, சுழலும் மேல்தளம், ஓட்டுநரின் பார்வை எட்டாத பகுதி ஆகிய மூன்றையும் அவன் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டான். மறுநாள் 'விசையும் அழுத்தமும்' பாடத்தில் பாஸ்கல் விதியை நடத்த வேண்டியிருந்தது. பாடநூலை மூடிவைத்துவிட்டு, கண்மாயில் நிற்கும் இயந்திரத்திலிருந்து தொடங்கினேன். அந்தப் பாடம் நான்கு பாடவேளைகள் நீண்டது. அதை நடத்திய முறையையும், நடத்தும்போது நான் கற்றதையும் ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்கினோம்

"கண்மாயில் நிற்பதன் பெயர் என்ன?" என்று கேட்டேன். ஜேசிபி, பொக்லைன், ஹிட்டாச்சி, மண்ணு மிஷின் என்று நான்கு விடைகள் கரும்பலகையில் ஏறின. முதல் மூன்றும் நிறுவனப் பெயர்களிலிருந்து வந்தவை. ஜேசிபி என்பது இங்கிலாந்தில் 1945இல் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள். பொக்லைன் பிரான்சு நாட்டு நிறுவனம். ஹிட்டாச்சி ஜப்பான் நிறுவனம். மூன்று நாட்டுப் பெயர்கள் நம் ஊரில் ஒரு வேலையின் பெயராகிவிட்டன.

பொருளுக்குரிய பெயர் அகழ் இயந்திரம். அகழி, அகழாய்வு என்ற சொற்களில் இருக்கும் அதே 'அகழ்'தான் இது. எங்கள் சிவகங்கை மாவட்டப் பிள்ளைகளுக்குக் கீழடியால் அகழாய்வு என்ற சொல் ஏற்கெனவே பழக்கம் என்பதால் இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு வேறுபாட்டையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நான்கு டயர்களில் ஓடி, முன்னால் அகலமான வாளியும் பின்னால் தோண்டும் கையும் கொண்டது ஒரு வகை. நாம் ஜேசிபி என்று அழைப்பது பெரும்பாலும் இதைத்தான். இதன் பின் கை பக்கத்திற்குப் பக்கம் அரைவட்ட அளவில்தான் திரும்பும். கண்மாயில் நின்றது மற்றொரு வகை. இரும்புச் செயினில் நகர்ந்து, மேல்பாதி முழுவதும் 360 பாகை சுற்றக்கூடியது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இயந்திரத்தால் மண் அள்ளும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் வில்லியம் ஓடிஸ் நீராவியால் இயங்கும் மண்வாரிக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு, 26 வயதிலேயே அவர் இறந்துபோனார். அந்தக் காலத்து இயந்திரங்களின் கையைச் சங்கிலியும் கயிறும் கப்பியும் இழுத்தன. இன்று அந்த வேலையைச் செய்வது எண்ணெய். அதனால்தான் பாஸ்கல் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் தெருவில் வேறில்லை.

முதலில் நம் உடல்

படம் வரைந்து பாகம் குறிக்கும் முன் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். வலது கையை முன்னால் நீட்டி, தரையிலிருந்து மண் அள்ளி, இடுப்பைத் திருப்பி, பக்கத்தில் கொட்டுவதுபோல் மெதுவாக நடிக்க வேண்டும். எந்தெந்த மூட்டு அசைகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும்.

தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என நான்கும் எல்லார் தாளிலும் வந்துவிட்டன. தோளிலிருந்து முழங்கை வரை இருப்பது இயந்திரத்தில் பூம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஆர்ம். ஆபரேட்டர்கள் சிலர் ஸ்டிக் என்பார்கள். உள்ளங்கை வாளி, அதாவது பக்கெட். நகங்கள் வாளியின் பற்கள். இடுப்பு சுழலும் வளையம். கால்கள் செயின். பத்து நிமிடத்தில் ஆறு பாகங்கள் முடிந்தன. மனப்பாடம் யாருக்கும் தேவைப்படவில்லை.

எதிர் எடைக்கு ஒரு சிறு சோதனை. ஒரு மாணவரைச் சுவரோடு ஒட்டி, குதிகால் சுவரில் படும்படி நிற்க வையுங்கள். காலடிக்கு முன்னால் ஒரு டஸ்டரை வைத்து, முழங்காலை மடக்காமல், காலை நகர்த்தாமல் குனிந்து எடுக்கச் சொல்லுங்கள். முடியாது. முன்னால் சாய்ந்துவிடுவார். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். சுவரை விட்டு விலகி நின்றால் எளிதாக எடுத்துவிடுவார். நாம் குனியும்போது இடுப்பு பின்னால் போகிறது. சுவர் அதைத் தடுக்கிறது. இயந்திரத்தின் இடுப்பு பின்னால் போக முடியாது. அதனால்தான் அதன் முதுகில் நிரந்தரமாக ஓர் இரும்புப் பாளத்தை மாட்டியிருக்கிறார்கள். "அதுதான் வாலு" என்றான் மூன்றாம் பெஞ்சு.

மூன்று பெரும் பகுதிகள்

கரும்பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தேன்: கீழ்ப்பகுதி, மேற்பகுதி, முன்பகுதி. ஒவ்வொரு பாகத்தையும் எழுதும்போது 'இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டோம்.

கீழ்ப்பகுதியில் இருப்பது இயந்திரத்தின் நடை. இருபுறமும் இரண்டு செயின்கள். ஒவ்வொன்றிலும் தட்டையான இரும்புப் பட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். பின்முனையில் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், செயினை இழுக்கும். முன்முனையில் பல் இல்லாத சக்கரம் செயினை இறுக்கமாகத் தாங்கி வழிநடத்தும். நடுவில் உருளைகள் எடையைச் சுமக்கும். இரண்டு செயினும் தனித்தனி மோட்டாரால் ஓடுகின்றன. ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் ஓட்டினால் இயந்திரம் நின்ற இடத்திலேயே திரும்பும். ஸ்டியரிங் சக்கரம் கிடையாது.

டயருக்குப் பதில் செயின் ஏன்? இதைக் கணக்காகவே செய்தோம். 20 டன் எடையுள்ள இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு செயின் பட்டையின் அகலம் 60 செ.மீ. என்றும், தரையைத் தொடும் நீளம் 350 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு செயினுக்கும் பரப்பு 42,000 சதுர செ.மீ. 20,000 கிலோவை அதனால் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.48 கிலோ. பிறகு என் பாதத்தை வரைபடத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணினார்கள். 150 சதுர செ.மீ. வந்தது. என் எடை 62 கிலோ. நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் 0.41 கிலோ. 20 டன் இரும்பும் நானும் மண்ணை ஏறத்தாழ ஒரே அளவில்தான் அழுத்துகிறோம்! வகுப்பு நம்பவில்லை. தங்கள் பாதங்களையும் வரைந்து பார்த்த பிறகுதான் நம்பியது. சேற்றுக் கண்மாயில் இயந்திரம் புதையாமல் நகர்வதன் காரணம் இதுவே.

மேற்பகுதியில் இடப்பக்கம் ஓட்டுநர் கேபின். பின்னால் டீசல் எஞ்சின், அதையொட்டி எண்ணெய்ப் பம்பு. டீசல் தொட்டியும் ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டியும் தனித்தனி. கடைசியில் எதிர் எடை. 20 டன் வகையில் இது மட்டும் சுமார் 4 டன் இருக்கும். இவை அனைத்தும் ஒரு பெரிய வளையத் தாங்கியின் மேல் அமர்ந்திருக்கின்றன. அந்த வளையத்தின் உட்பல்லில் ஒரு சிறிய பல்சக்கரம் ஓடி மேற்பகுதியைச் சுற்றுகிறது.

இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பம்பு மேல இருக்கு, செயின் மோட்டார் கீழ இருக்கு. எண்ணெய்க் குழாய் மேலயிருந்து கீழ வரணும். மிஷின் சுத்திக்கிட்டே இருந்தா குழாய் முறுக்கிக்காதா டீச்சர்?" முறுக்கிக்கொள்ளாது. சுழற்சியின் மையத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. உருளைக்குள் உருளையாக இரண்டு பாகங்கள். ஒன்று மேற்பகுதியோடு சுற்றும், மற்றொன்று கீழ்ப்பகுதியோடு நிற்கும். இடையில் வட்டமான காடிகள் வழியாக எண்ணெய் ஓடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் காடிக்குள் வழி திறந்தே இருக்கும். ஆட்டைக் கட்டும் சங்கிலியின் நடுவில் முறுக்கு ஏறாமலிருக்க ஒரு சுழலும் வளையம் போடுவோமே, அதே யுக்தி. அதன் உள்ளே எண்ணெய் ஓடுவது மட்டும்தான் வேறுபாடு.

முன்பகுதிதான் கை. பூமை உயர்த்த இரண்டு சிலிண்டர்கள், ஆர்முக்கு ஒன்று, வாளிக்கு ஒன்று என மொத்தம் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொரு மூட்டிலும் தடித்த பின், அதைச் சுற்றி புஷ். வாளியின் விளிம்பில் கழற்றி மாட்டக்கூடிய பற்கள்.

நெம்புகோல் வகைகளை இங்கேயே காட்டிவிடலாம். பூமின் அடிமூட்டு ஆதாரப்புள்ளி, சிலிண்டர் தள்ளும் இடம் நடுவில், பளு நுனியில். எனவே பூம் மூன்றாம் வகை நெம்புகோல், நாம் முழங்கையை மடக்கிச் செம்பைத் தூக்குவதுபோல. ஆர்மைப் பாருங்கள். சிலிண்டர் ஆர்மின் மேல்முனையைத் தள்ளுகிறது, மூட்டு நடுவில், பளு கீழ்முனையில். இது முதல் வகை. ஒரே கையில் இரண்டு வகை.

நம் கைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை என்று நமக்கு இணைகள் இருக்கின்றன. சிலிண்டரின் இருபுறமும் எண்ணெய் நுழைய வழி இருப்பதால் அது தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும்.

எஞ்சினிலிருந்து பல் வரை

"எஞ்சின் எங்கே, வாளியின் பல் எங்கே! நடுவில் யார் வேலை செய்கிறார்கள்?" இந்தக் கேள்வியோடு மூன்றாவது பாடவேளை தொடங்கியது. விடையை அம்புக்குறிகளாக எழுதினோம். எஞ்சின் பம்பைச் சுற்றுகிறது. பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துத் தள்ளுகிறது. ஓட்டுநர் லீவரை அசைத்தால் வால்வு திறந்து, எண்ணெய் அவர் கேட்ட சிலிண்டருக்குப் போகிறது. சிலிண்டர் பூமையோ ஆர்மையோ வாளியையோ அசைக்கிறது. வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. நடப்பதும் சுற்றுவதும்கூட எண்ணெயால் ஓடும் மோட்டார்களால்தான்.

மாணவர்களிடம் அடிக்கடி காணும் ஒரு பிழையை இங்கே திருத்த வேண்டும். பம்பு அழுத்தத்தை உண்டாக்கி அனுப்புவதாக நினைக்கிறார்கள். பம்பு தருவது ஓட்டம். எதிர்ப்பு வரும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. வாளி வெறும் காற்றில் அசையும்போது அழுத்தம் குறைவு. கெட்டி மண்ணில் பல் இறங்கும்போது அதிகம். அளவு மீறி ஏறாமலிருக்க விடுவிப்பு வால்வு ஒன்றும் இருக்கிறது. பிரஷர் குக்கரின் வெயிட் வால்வை நினைவூட்டினால் போதும்.

இப்போது பாஸ்கல் விதி. இவ்வகை இயந்திரங்களில் எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 350 கிலோ வரை போகும். சிலிண்டரின் உள்விட்டம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு 113 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 39,500 கிலோ. ஒரே சிலிண்டர் தரும் விசை சுமார் 40 டன் எடைக்குச் சமம்.

"அப்புறம் ஏன் டீச்சர் வாளியில ஒன்றரை டன் மண்ணுதான் வருது?" நல்ல கேள்வி. மூன்றாம் வகை நெம்புகோலை நினைவூட்டினேன். சிலிண்டர் மூட்டுக்கு அருகில் தள்ளுகிறது. வாளி எட்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. விசையைக் கொடுத்து வீச்சை வாங்குகிறோம். கையின் சொந்த எடையையும் தூக்கியாக வேண்டும்.

அடுத்த புதிரை வீட்டுக்கு அனுப்பினேன். பூமை உயர்த்தும்போதும், ஆர்மை உள்ளே இழுத்துத் தோண்டும்போதும், வாளியை மடக்கும்போதும் சிலிண்டர்கள் மூன்றும் நீள்கின்றன. கடினமான வேலைகள் எல்லாம் நீளும்போதே நடக்கும்படி ஏன் அமைத்தார்கள்? விடை பரப்பில் இருக்கிறது. நீளும்போது எண்ணெய் பிஸ்டனின் முழுப் பரப்பையும் தள்ளுகிறது. சுருங்கும்போது தண்டு அடைத்துக்கொள்ளும் இடம் போக மீதிப் பரப்பைத்தான் தள்ளுகிறது. தண்டின் விட்டம் 8 செ.மீ. என்றால் மீதி 63 சதுர செ.மீ. அளவே, விசை சுமார் 22 டன்னாகக் குறைகிறது. மறுநாள் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். அதில் இரண்டு பேர், நான் அன்று எழுப்பி நிறுத்திய வீட்டுப்பாடக்காரர்கள்.

ஊசிக்குழல் மாதிரி

தேவையானவை: மருந்துக்கடையில் வாங்கிய புதிய ஊசிக்குழல்கள் (ஊசி இல்லாமல்), 5 மி.லி. மூன்று, 20 மி.லி. மூன்று, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய குழாய், அட்டைப்பெட்டி, பல்குத்தும் குச்சி, நூல், வண்ணம் கலந்த நீர். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மாதிரி போதும்.

ஒரு சிறிய குழலையும் ஒரு பெரிய குழலையும் நீர் நிரப்பிய குழாயால் இணைக்க வேண்டும். பெரியவை மூன்றும் பூம், ஆர்ம், வாளி ஆகியவற்றின் சிலிண்டர்கள். சிறியவை மூன்றும் லீவர்கள். சிறியதைத் தள்ளினால் பெரியது நகரும். அதிக விசையோடு, ஆனால் குறைந்த தூரம். தள்ளிய தூரத்தையும் நகர்ந்த தூரத்தையும் அளவுகோலால் அளந்து அட்டவணை இடச் சொல்லுங்கள். விசையில் கிடைக்கும் ஆதாயத்துக்குத் தூரத்தில் விலை கொடுக்கிறோம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் குழு ஒன்றின் கை தொளதொளவென்று ஆடியது. குழாய்க்குள் காற்றுக்குமிழி. அதைக் குறையாக நினைக்காமல் எல்லோருக்கும் காட்டினேன். காற்று அமுங்கும், நீர் எளிதில் அமுங்காது. குமிழியை வெளியேற்றியதும் கை உறுதியாக நின்றது.

விருந்தினர் வந்த நாள்

அந்த மாணவனின் அப்பா வெளியூர் வேலைத்தளங்களில் இருப்பவர்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். ஆடிக் கொடைக்கு வந்திருந்தார். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, ஒரு பாடவேளை வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டு அனுப்பினேன். முதலில் மறுத்தார். "நான் எட்டாவது ஃபெயிலு. பிள்ளைக முன்னாடி நான் என்னத்தப் பேச?" என்றாராம்.

அவர் வருவதற்கு முந்தின நாள், வகுப்பில் அந்த வாக்கியத்தை நினைவூட்டி, "நான் அப்படிச் சொன்னது தப்பு. அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சொன்னேன்" என்றேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல டீச்சர்" என்றான்.

மறுநாள் அவர் சலவைச் சட்டையில் வந்தார். கண்மாய் இயந்திரத்தின் ஓட்டுநரிடம் பேசி, மதிய உணவு வேளையில் எஞ்சினை அணைத்து, வாளியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்து வைத்தார்கள். விளையாட்டுத் திடலுக்கு வைத்திருந்த சுண்ணாம்புத்தூளால் 12 மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டோம். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே. அவர் உள்ளே நின்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காததை அவர் சொன்னார். கேபினில் ஏறியதும் முதலில் ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மேற்பகுதி நேர் எதிராகத் திரும்பியிருந்தால், முன்னால் தள்ளும் லீவர் வண்டியைப் பின்னால் கொண்டுபோகும். பல் தேய்ந்தால் உடனே பல்லை மாற்ற வேண்டும். விட்டால் வாளி தேயும். பின்களுக்கு கிரீஸ் வைப்பதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. ஹோஸ் கசிவைக் கைவைத்துத் தேடவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத்துண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 350 என்ற எண்ணை நான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். அதன் பொருள் அப்போதுதான் எனக்கே விளங்கியது.

வகுப்புக்குத் திரும்பியதும் பாடநூலில் பாஸ்கல் விதிப் பக்கத்தை அவர் மகனே எடுத்துக் காட்டினான். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "பதினாலு வருசமா இதத்தான் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கனா?" என்றார்.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னது: "இவனும் மிஷினுக்குத்தான் வருவேங்கிறான் டீச்சர். வரட்டும். ஆனா ரிப்பேர் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். மிஷின் நின்னா மெக்கானிக் வர்ற வரைக்கும் ரெண்டு நாளு நான் சும்மா உக்காந்திருப்பேன். அவன் அப்படி உக்காரக் கூடாது." படிப்பு எதற்கு என்று நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் காரணங்களைவிட இது அந்த வகுப்புக்கு நன்றாகப் புரிந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் என்ற வழிகளை அன்றே எழுதிப்போட்டேன்.

தூரம் தெரிந்திருக்க வேண்டும்

இந்தப் பாடத்தின் மிக அவசியமான பகுதி இதுதான். நேரம் இல்லாதவர்கள் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டுமாவது நடத்துங்கள்.

கேபின் இடப்பக்கம் இருப்பதால், வலப்பக்கம் நிற்பவரைப் பூம் மறைக்கும். பின்னால் நிற்பவரை எஞ்சினும் எதிர் எடையும் மறைக்கும். ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நாம் அவருக்குத் தெரியவில்லை. உயர்த்திய வாளியின் கீழே நடக்கக் கூடாது. நீட்டிய கை ஒன்பது மீட்டருக்கு மேல் உயரக்கூடியது. அருகில் மின்கம்பி சென்றால் இயந்திரத்தைத் தொடவும் கூடாது, நெருங்கவும் கூடாது. வாளியில் ஏறி உட்காரக் கூடாது.

இயந்திரம் போன பிறகும் ஆபத்து போவதில்லை. 20 டன் இயந்திரத்தின் கை தரைமட்டத்துக்குக் கீழே ஆறு மீட்டருக்கு மேல் எட்டும். ஆறு மீட்டர் கயிற்றைத் திடலில் நீட்டி வைத்து, ஒரு மாணவரை அதன் அருகில் படுக்க வைத்தோம். அவரைப் போல நான்கு பேர் தேவைப்பட்டார்கள். நம் பிள்ளைகள் அறிந்த கண்மாய் சரிவாக, மெதுவாக ஆழமாகும். வாளி வெட்டிய குழி செங்குத்தாக இறங்கும். ஐப்பசி மழையில் நீர் நிரம்பிவிட்டால் இரண்டும் மேலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். போன வருடம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வருடம் மூன்று ஆள் ஆழமாக இருக்கலாம். எங்கள் மாணவர்கள் மழைக்கு முன்பே கரையைச் சுற்றி நடந்து, வெட்டிய குழிகளைக் குறித்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். அது பள்ளி நுழைவாயிலிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட்டது. தொடக்கப்பள்ளிக்கும் ஒரு படி கொடுத்தோம்.

பிற வகுப்புகளுக்கு

தொடக்க வகுப்புகளில் உடல் நடிப்பு, பாகப் பெயர்கள், பாதுகாப்பு ஆகிய மூன்றும் போதும். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் எளிய இயந்திரங்களோடு இணைக்கலாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் அழுத்தமும் பாஸ்கல் விதியும். பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன்: எதிர் எடை 4 டன் மையத்திலிருந்து 2.5 மீட்டர் தூரத்திலும், மண் 1.5 டன் 8 மீட்டர் தூரத்திலும் இருந்தால், இரு பக்கமும் எவ்வளவு? 10க்கு 12 வரும். மீதியை எது சமன் செய்கிறது என்று கேளுங்கள். எஞ்சின், பம்பு, கீழ்ப்பகுதி எல்லாவற்றின் எடையும் கணக்கில் வரும். தமிழாசிரியர் இயந்திரப் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டும் போட்டி நடத்தலாம்.

மதிப்பீட்டுக்கு நான் 'பாகங்களைக் குறி' என்ற வினாவைத் தரவில்லை. இவற்றைத் தந்தேன்:

1. எதிர் எடையைக் கழற்றிவிட்டால் எந்த வேலை முதலில் முடியாமல் போகும்?
2. செயினின் அகலத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் என்ன ஆகும்? கண்மாயில் என்ன நடக்கும்?
3. எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?
4. இயந்திரம் வேலை செய்யும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்? படம் வரைந்து காரணம் எழுதுக.

மூன்றாவது வினா என்னுடையதல்ல. மூன்றாம் பெஞ்சு மாணவன் என்னைக் கேட்டது. ஊசிக்குழலில் தண்ணீர் வேலை செய்கிறதே, பிறகு எதற்கு எண்ணெய் என்றான். நீர் துருப்பிடிக்க வைக்கும், உரசும் பாகங்களுக்கு வழுவழுப்புத் தராது, சூடேறினால் எண்ணெய்க்கு முன்பே கொதித்துவிடும் என்று இருவரும் சேர்ந்து விடை கண்டோம்.

அந்த வாரம் என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். என் வகுப்பில் 31 பேர். 17 பேருக்குத் தந்தையின் தொழில் 'கூலி' என்று இருந்தது. ஒவ்வொருவரிடமும் "அப்பா, அம்மா என்ன வேலை செய்கிறார்கள்? எதை வைத்துச் செய்கிறார்கள்?" என்று கேட்டு எழுதினேன். ஆழ்துளைக் கிணறு வண்டி, செங்கல் சூளை, பந்தல், கரும்பு வெட்டு, கம்பி கட்டுதல், சமையல், தேங்காய் உரித்தல். ஆழ்துளைக் கிணறு வண்டியில் வேலை பார்ப்பவரிடம் பேசியிருக்கிறேன். காற்றழுத்தம் பற்றிய அடுத்த பாடத்துக்கு அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.